தன் அலையைத் தானே தாண்டிய படகு

நீரில் செல்லும் படகைத் தடுப்பது எது என்று கேட்டால், “நீரின் உராய்வு” என்று நாம் உடனே விடை கூறுவோம். அது பாதி உண்மைதான். மெல்லச் செல்லும் படகுக்கு உராய்வே பெரிய தடை. ஆனால் வேகம் கூடக் கூட, வேறொரு தடை தலைதூக்குகிறது. அது படகு தானே எழுப்பும் அலை. ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும், அந்த அலை படகைச் சிறைப்பிடித்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அலைதான் பெரிதாகிறது, வேகம் கூடுவதில்லை.

ஆயினும் இன்று 12 மீட்டர் நீளமும் 10 டன்னுக்கு மேல் எடையும் உள்ள உல்லாசப் படகு ஒன்று, இரண்டு டீசல் எஞ்சின்களின் துணையால், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நீரின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. குளத்தில் நாம் வீசும் ஓட்டாஞ்சில்லு, மூழ்காமல் தத்தித் தத்திச் செல்கிறதல்லவா? ஏறத்தாழ அதே போன்ற ஓட்டம்தான் இது. இதை ஆங்கிலத்தில் ‘பிளேனிங்’ என்பர். நாம் ‘சறுக்கோட்டம்’ என்று அழைக்கலாம்.

நீரைக் கிழித்துச் செல்லும் படகு, நீரின்மேல் ஏறிச் சறுக்கும் படகாக மாறியது எப்படி? இந்த மாற்றத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. அந்தக் கதையில் மிரண்ட குதிரை ஒன்று வருகிறது. ஒரு பாதிரியார் வருகிறார். புகழ்பெற்ற போர்வீரர் ஒருவரும் வருகிறார். கதையைத் தொடங்கும் முன் ஓர் அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் வேகத்தை ‘நாட்’ என்ற அலகால் அளப்பார்கள். மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், சென்றால் அது ஒரு நாட்.

மிரண்டோடிய குதிரை

1830ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இருப்புப்பாதைகள் இன்னும் பரவாத ஸ்காட்லாந்தில், மக்கள் கால்வாய்ப் படகுகளில் பயணம் செய்தனர். கரையில் நடக்கும் குதிரைகள் கயிற்றால் படகை இழுத்துச் சென்றன. வேகத்தைச் சற்றுக் கூட்டினால் படகின் முன் ஓர் அலை திரண்டெழும், பின்னால் நுரைத்த வெள்ளம் கரைகளை அரிக்கும், குதிரைகள் களைத்துப்போகும். ஆகவே மெல்லத்தான் செல்ல முடியும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர்.

கிளாஸ்கோவையும் பெய்ஸ்லியையும் இணைத்த கால்வாயில் ஒருநாள், அதன் உரிமையாளர்களில் ஒருவரான வில்லியம் ஹூஸ்டன் என்பவரின் குதிரை மிரண்டு, படகோடு ஓட்டமெடுத்தது. அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. படகின் பின்னால் எழுந்துகொண்டிருந்த நுரை அலை அடங்கிவிட்டது. படகு, அமைதியான நீரின்மேல் இலகுவாக ஓடியது. குதிரை வேகமாக ஓடியபோது அதன் சுமை கூடுவதற்கு மாறாகக் குறைந்துவிட்டது!

இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியியலர். 1834ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கு அருகில் வேறொரு கால்வாயில், படகு நின்ற பின்னும் உருக்குலையாமல் ஓடிக்கொண்டேயிருந்த தனி அலை ஒன்றைக் குதிரைமேல் பின்தொடர்ந்து சென்று ஆராய்ந்தவரும் அவரே. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவர் கண்டார். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் அலை மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்ல முடியும். குதிரை படகை அதைவிட வேகமாக இழுத்தால், படகு அலையின் பின்னால் தவிப்பதை விட்டு, அலைமுகட்டின்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது.

ஹூஸ்டன் இதை உடனே தொழிலில் பயன்படுத்தினார். மெலிந்த, எடை குறைந்த படகுகளைக் கட்டி, குதிரைகளை முதலிலேயே விரட்டிப் படகை அலைமேல் ஏற்றி, விரைவுப் பயணச் சேவை நடத்தினார். கால்வாயில் நடந்தது ஆழம் குறைந்த நீருக்கே உரிய விளைவு. ஆழ்கடலில் நடப்பது வேறு வகை. ஆனால் பாடம் ஒன்றுதான்: படகின் முன் நிற்கும் தடை ஒரு மதிற்சுவர் அன்று, அது ஒரு மேடு. ஏறிவிட்டால் அப்பால் இறங்கலாம்.

அலைக்கும் நீளத்துக்கும் உள்ள உறவு

அந்த மேட்டை அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட். 1810இல் பிறந்த இவர், முதலில் இருப்புப்பாதைப் பொறியியலராக இருந்தவர். 1867இல் ‘அன்னம்’, ‘அண்டங்காக்கை’ என்று பெயரிட்ட இருவகைப் படகு மாதிரிகளை வெவ்வேறு அளவுகளில் செய்து, டார்ட் ஆற்றில் இழுத்துச் சோதித்தார். பிறகு 1872இல், கடற்படையின் பண உதவியோடு, டார்க்கி நகரில் நீண்ட சோதனைத் தொட்டி ஒன்றை அமைத்தார். பாரஃபின் மெழுகால் செய்த மாதிரிகளைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஒன்று இழுத்துச் செல்லும். இழுவிசையை ஒரு கருவி அளந்து பதிவு செய்யும். உலகெங்கும் இன்று உள்ள கப்பல் சோதனைத் தொட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

அவர் கண்ட உண்மையை எளிதாக விளக்கலாம். நீரில் அலையின் நீளமும் வேகமும் பிணைந்தவை. வேகமான அலை நீளமானது. மெதுவான அலை குட்டையானது. படகு செல்லும் வேகத்திலேயே அதன் அலையும் செல்கிறது. ஆகவே படகு வேகம் கொள்ளக் கொள்ள அலையும் நீண்டுகொண்டே போகிறது. இறுதியில் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, ஒரு முகடு படகின் முன்புறமும், அடுத்த முகடு பின்புறமும் நிற்கின்றன. இடையிலுள்ள பள்ளத்தில் படகு தொட்டிலில் கிடப்பதுபோல் கிடக்கிறது.

நீர்மட்டத்தில் 11 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த நிலை சுமார் 8 நாட் வேகத்தில் வருகிறது. இதைத் தாண்ட முயன்றால் என்ன ஆகும்? பின் முகடு படகைவிட்டுப் பின்னோக்கி நழுவுகிறது. பின்புறம் பள்ளத்தில் அமிழ்கிறது. முன்புறம் வானைப் பார்க்கிறது. படகு இப்போது தன் அலையின் சரிவில் மேல்நோக்கி ஏற வேண்டியுள்ளது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் திணறுவதுபோல்தான். வேகத்தையும் தடையையும் வைத்து வரைபடம் வரைந்தால், இந்த இடத்தில் கோடு காளையின் திமில்போலப் புடைத்து நிற்கும்.

கப்பல்களைப் பொறுத்தவரை இதற்குத் தீர்வு எளிது: நீளத்தைக் கூட்டினால் போதும். நூறு மீட்டர் நீளமுள்ள கப்பலுக்கு இந்த எல்லை 24 நாட். ஆனால் 12 மீட்டர் படகு என்ன செய்யும்?

பாதிரியாரின் கனவு

ஃபுரூட் தொட்டி அமைத்த அதே 1872இல், ரை நகருக்கு அருகிலுள்ள பிளேடன் என்ற ஊரின் பாதிரியார் சார்லஸ் மீட் ரேமஸ், கடற்படைக்கு ஒரு யோசனை அனுப்பினார். கப்பலின் அடிப்புறத்தை ஒன்றன்பின் ஒன்றாக இரு சாய்தளங்களாக அமைத்தால், வேகத்தில் நீரே அதை மேலே தூக்கும். கப்பல் நீரில் மிதப்பதற்கு மாறாக நீரின்மேல் சறுக்கும் என்றார் அவர்.

கடற்படை அந்த யோசனையை ஃபுரூட்டிடமே அனுப்பியது. அவர் மாதிரிகள் செய்து சோதித்தார். பாதிரியார் கூறியதில் தவறில்லை. போதிய வேகம் கிடைத்தால் மாதிரி மேலெழவே செய்தது. ஆனால் அந்த வேகத்தை அடையத் தேவையான நீராவி எஞ்சினையும் கொதிகலனையும் நிலக்கரியையும் ஏற்றினால், கப்பலின் எடை அந்த வேகத்தை எட்டவே விடாது என்று ஃபுரூட் கணக்கிட்டுக் காட்டினார். யோசனை கைவிடப்பட்டது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். நிற்கும் படகைத் தாங்குவது ஆர்க்கிமிடீசின் விதி: தன் எடைக்குச் சமமான நீரை அது விலக்கி மிதக்கிறது. சறுக்கும் படகையோ பெரும்பாலும் அதன் வேகமே தாங்குகிறது. சாய்ந்த அடிப்பலகை நீரைக் கீழே தள்ள, நீர் பலகையை மேலே தள்ளுகிறது. வேகம் இரு மடங்கானால் இந்தத் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆனால் தூக்கவேண்டிய எடை மிகுதியானால், அந்த வேகத்தை எட்டுவதற்கு முன்பே திமில் தடுத்துவிடும். எனவே சறுக்கோட்டத்தின் வரலாறு, வலிமையின் வரலாறு அன்று. எடைக் குறைப்பின் வரலாறு. ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் எத்தனை கிலோகிராம் எஞ்சினைச் சுமக்கவேண்டும் என்பதே கேள்வி.

பெட்ரோல் தந்த இறக்கை

விடை, கடலிலிருந்து வரவில்லை; சாலையிலிருந்து வந்தது. மோட்டார் வண்டிக்காக உருவான பெட்ரோல் எஞ்சின், நீராவி எஞ்சினைவிடப் பல மடங்கு இலேசானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், அடிப்புறத்தில் படி வைத்த பந்தயப் படகுகள் தோன்றின. 1910இல் இங்கிலாந்தின் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய ‘மிராண்டா 4’ என்ற படகு, 8 மீட்டர் நீளமே கொண்டது. ஆனால் சுமார் 35 நாட் வேகத்தில் ஓடியது. பாதிரியார் ரேமசின் கனவு நாற்பது ஆண்டுகளுக்குள் பலித்துவிட்டது.

விளையாட்டுப் பொருளாக இருந்ததைப் போர் பற்றிக்கொண்டது. 1916இல் தார்னிகிராஃப்ட் 12 மீட்டர் நீளமுள்ள கடலோர மோட்டார் படகுகளைக் கட்டியது. டார்ப்பிடோ உட்பட மொத்த எடை நாலேகால் டன்னைத் தாண்டக் கூடாது. வேகமோ 30 நாட்டுக்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. டார்ப்பிடோவை முன்னோக்கிச் செலுத்தும் குழாயைச் சுமக்கவும் எடை இடம் தரவில்லை. ஆகவே அதைப் படகின் பின்புறமாக நீரில் தள்ளிவிட்டு, தன்னையே துரத்திவரும் அந்த ஆயுதத்தின் பாதையிலிருந்து படகு சட்டென்று விலகிக்கொள்ளும்! 1919 ஜூன் 17 அன்று, அகஸ்டஸ் ஏகர் என்ற அதிகாரி இத்தகைய சிறு படகு ஒன்றால், பின்லாந்து வளைகுடாவில் ‘ஒலெக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்.

உயிர் காக்கும் வேகம்

வேகத்தின் வேறொரு பயனை உலகுக்கு உணர்த்தியது ஒரு விபத்து. 1931 பிப்ரவரியில், பிளிமத் துறைமுகத்தின் அருகே, கடல் விமானம் ஒன்று நீரில் விழுந்து நொறுங்கியது. மீட்கச் சென்றவர்களில் ஒருவர், ‘ஷா’ என்ற பெயரில் விமானப்படையில் சாதாரணப் பணியாளராக இருந்தவர். அவர் வேறு யாருமல்லர். அரேபியப் பாலைவனப் போரால் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ்தான். விமானத்தில் இருந்தவர்களில் பலர் இறந்துபோனார்கள். விமானப்படையிடம் அப்போது இருந்த மீட்புப் படகுகளோ, பழைய பாணியில் நீரைக் கிழித்து ஊர்ந்து செல்பவை.

ஹைத் என்ற ஊரில் படகுத்தளம் நடத்திய ஹியூபர்ட் ஸ்காட் பெய்ன், வேறு வகைப் படகுகளைக் கட்டிவந்தார். அவற்றின் பக்கச் சுவரும் அடிப்புறமும் கூர்மையான விளிம்பில் சந்தித்தன. அந்த விளிம்பு நீரைப் பக்கவாட்டில் வெட்டி எறிந்ததால், நீர் படகின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு ஏறி இழுக்கவில்லை. 37½ அடி நீளத்தில் இரு பெட்ரோல் எஞ்சின்கள் பூட்டிய விமானப்படைப் படகு இவ்வாறு பிறந்தது. லாரன்ஸ் அவற்றைக் கடலில் ஓட்டிச் சோதித்தார். ஓட்டுவோருக்கான கையேட்டையும் எழுதினார். இரண்டாம் உலகப்போரில், இந்த மரபில் வந்த மீட்புப் படகுகள் கடலில் விழுந்த விமானிகள் ஆயிரக்கணக்கானோரை உயிரோடு கரை சேர்த்தன.

பெட்ரோலின் விலை

ஆனால் அதே போர், பெட்ரோலின் குறையையும் காட்டிவிட்டது. பெட்ரோல், உறைபனிக் குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றக் கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நின்று ஒரே பொறிக்காகக் காத்திருக்கும். அமெரிக்கர்களின் 80 அடி டார்ப்பிடோ படகு, மரத்தால் ஆன உடலுக்குள் 11,000 லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சுமந்து சென்றது. ஒரு குண்டு தொட்டியைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

எதிரிகளான ஜெர்மானியரின் விரைவுப் படகுகளிலோ டீசல் எஞ்சின்கள் இருந்தன. டீசல் எண்ணெய் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆயினும் அந்த ஜெர்மன் படகுகள் சறுக்கும் வகை அல்ல. சுமார் 35 மீட்டர் நீண்ட, உருண்ட அடிப்புறம் கொண்டவை. நீளத்தாலும் மெலிவாலும் பெரும் விசையாலும் அவை அலையை வென்றன. குட்டையான சறுக்குப் படகில் டீசலை வைக்க முடியுமா என்பது அப்போது இங்கிலாந்துக்குப் பெரிய கேள்வி.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ருடால்ஃப் டீசலின் எஞ்சின், பிறவியிலேயே கனமானது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்த வெப்பத்தாலேயே எண்ணெயைப் பற்றவைப்பதால், அதன் உருளைகளும் தண்டுகளும் தடித்திருக்க வேண்டும். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட முதல் வெற்றிகரமான டீசல் எஞ்சின் 4½ டன் எடையுள்ளது. தந்ததோ ஏறக்குறைய 18 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு 250 கிலோகிராம்! எண்ணெய்ச் சிக்கனத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு எந்தப் படகும் நீரின்மேல் ஏற முடியாது.

இந்த எடையைக் கரைத்தவற்றுள் முதன்மையானது டர்போ சார்ஜர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்காற்றைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதன் வலிமையால் உருளைக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கும் இந்த முறைக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றார். 1926இல் இரு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது, எஞ்சின்களின் திறன் 1,750லிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது. அதே இரும்பு, மிகுதியான வேலை.

பிரிட்டிஷ் கடற்படைக்காக நேப்பியர் நிறுவனம் உருவாக்கிய ‘டெல்டிக்’ எஞ்சின், வேறு வழியில் எடையைக் குறைத்தது. 18 உருளைகளை முக்கோண வடிவில் அடுக்கி, ஒவ்வோர் உருளையிலும் இரு பிஸ்டன்களை எதிரெதிராக இயக்கி, 2,500 குதிரைத்திறன் பெற்றனர். ஒரு குதிரைத்திறனுக்கு எடை 2 கிலோகிராமுக்கு மேற்படவில்லை. 1950களில் ‘டார்க்’ வகைக் காவல் படகுகள் இத்தகைய இரு எஞ்சின்களோடு 40 நாட் வேகத்தில் சறுக்கி ஓடின. ருடால்ஃப் டீசலின் சோதனைக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 250 கிலோகிராம் எங்கே, 2 கிலோகிராம் எங்கே!

கடல் கொந்தளித்தபோது

எஞ்சின் இலேசாகிவிட்டது. ஆனால் அடிப்புறத்தில் இன்னும் ஒரு சிக்கல் மீதமிருந்தது. தட்டையான அடிப்புறம் எளிதில் சறுக்கும். ஆயினும் கடல் கொந்தளித்தால் ஒவ்வோர் அலையும் சம்மட்டி அடிபோல் மோதும். படகில் இருப்போரின் முதுகெலும்புதான் வேகத்தின் எல்லையாக இருந்தது.

அமெரிக்கரான ரேமண்ட் ஹன்ட், பிளவுபட்ட எழுத்தைப்போல் கூர்ந்த அடிப்புறத்தை, முன்புறத்தோடு நிறுத்தாமல் பின்விளிம்பு வரை கொண்டுசென்றார். பின்விளிம்பிலும் அடிப்பலகைகள் 24 டிகிரி சாய்ந்திருந்தன. நீளவாட்டில் பதித்த சிறு சட்டங்கள் நீரைக் கீழே தள்ளிப் படகைத் தூக்கின. 1958இல் நியூபோர்ட் கடலில் ஹன்டின் சிறு படகு அலைகளை வெட்டிச் செல்வதைக் கண்ட ரிச்சர்ட் பெர்ட்ரம், அதே வடிவில் தமக்கு ஒன்றை வரைந்து தரக் கேட்டார். 1960இல் அந்த ‘மாப்பி’ படகு, கடும் கொந்தளிப்பில் மயாமியிலிருந்து நசாவுக்கு 8 மணி நேரத்தில் சென்று பந்தயத்தை வென்றது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வரைந்த படகே. மூன்றாவது படகு மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் சறுக்குப் படகுகளின் வடிவத்தைச் செப்பனிட்டவர்களில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் உண்டு. கராச்சியில் பிறந்து, பம்பாயில் தம் குடும்பத்தின் படகுத்தளத்தில் தொழில் பயின்ற ரெனாட்டோ லீவி, பின்னர் இத்தாலியில் புகழ்பெற்றார். 1963இல் இங்கிலாந்தின் கவ்ஸ்–டார்க்கி கடற்பந்தயத்தை வென்ற படகு அவர் வரைந்தது. 1965இல் அதே பந்தயத்தை வென்றது பெர்ட்ரமின் இரட்டை டீசல் படகு. கனத்த எஞ்சின் என்று ஒதுக்கப்பட்ட டீசல், பந்தயத்திலேயே முந்திவிட்டது. முந்தைய ஆண்டு, 1964இல், அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கல்விக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் சவிட்ஸ்கி, சறுக்கும் படகின் தூக்குவிசையையும் தடையையும் கணக்கிடும் முறையை வெளியிட்டிருந்தார். அதுவரை கைத்தேர்ச்சியாக இருந்தது கணிதமாகியது.

இன்றைய படகில் திமிலைத் தாண்டுதல்

இந்த வரலாறு முழுவதையும், இரட்டை டீசல் உல்லாசப் படகு ஒன்று அரை நிமிடத்துக்குள் நம் கண்முன் நடத்திக் காட்டுகிறது. சுக்கான் சக்கரத்தின் முன் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 350 குதிரைத்திறன் கொண்ட இரு எஞ்சின்கள். அவற்றின் சுழல்விசிறிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழல்கின்றன. ஒன்று படகைத் திருப்ப முயன்றால் மற்றது அதைச் சரிசெய்கிறது.

முதலில், எஞ்சின்கள் நன்கு சூடேறும் வரை மெல்லச் செல்லவேண்டும். பிறகு இரு விசைப்பிடிகளையும் ஒருசேர, சீராக முன்னே தள்ளவேண்டும். சட்டென்று முழுவதும் தள்ளினால் எண்ணெய் உடனே பாயும். ஆனால் டர்போ சார்ஜர் சுழல்வதற்கு வேண்டிய புகைக்காற்று இன்னும் திரண்டிருக்காது. காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிய, கரும்புகை எழும். டீசலுக்கு இதுதான் இக்கட்டான இடம். படகுக்கு மிகுந்த விசை வேண்டிய அந்தத் திமிலில்தான், டர்போ இன்னும் தூக்கம் கலையாமல் இருக்கிறது. கணினி கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சின்களில் இந்தக் குறை பெரிதும் நீங்கியுள்ளது; முற்றிலும் மறைந்துவிடவில்லை.

8 நாட் தாண்டியதும் முன்புறம் உயர்ந்து எதிரிலுள்ள கடலையே மறைக்கும். ஆகவே வேகமெடுக்கும் முன்பே, எதிரில் சிறு தோணியோ நீந்துவோரோ இல்லை என்று பார்த்துக்கொள்வது கடமை. பின்விளிம்பில் கீலிட்டுப் பொருத்திய இரு சமன்தகடுகளை இப்போது கீழே சாய்த்தால், அவை பின்புறத்தைத் தூக்கி முன்புறத்தைப் பணியவைக்கும். விசையைக் குறைக்காமல் பொறுத்திருந்தால், 12, 14 நாட் அளவில் படகு சற்றே தயங்கும். பின்பு மேட்டின் உச்சியைக் கடந்த வண்டிபோல் தானே முன்னோடும். முன்புறம் தாழும். பின்னால் மலைபோல் எழுந்த அலை தணிந்து, தட்டையான வெண்ணுரைப் பாதையாகும். ஹூஸ்டனின் கால்வாயில் அடங்கிய அலை நினைவுக்கு வருகிறதல்லவா?

18, 20 நாட்டை எட்டியபின் விசைப்பிடிகளைச் சற்றுப் பின்னிழுக்கலாம், சமன்தகடுகளையும் உயர்த்தலாம். ஏறும்போது வேண்டிய விசை, ஏறியபின் அதே நிலையில் நிற்க வேண்டியதில்லை. முன்புறம் மிகுதியாகத் தூக்கியிருந்தால் படகு, நீரில் துள்ளும் கடற்பன்றிபோல் மேலும் கீழும் குதிக்கும். மிகவும் தாழ்ந்தால் மூக்கு அலையில் குத்தி, படகு ஒருபுறம் இழுக்கும்.

படகு திமிலைத் தாண்ட மறுத்தால், பெரும்பாலும் எஞ்சினைக் குறை கூறுவர். உண்மையில் எடைதான் முதல் குற்றவாளி. நிரம்பிய தண்ணீர்த் தொட்டிகள், பின்புறம் குவித்த சாமான்கள், அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியும் பாசியும் ஆகியவையே ஏற்றத்தைத் தடுப்பவை. தாண்டாத நிலையிலேயே முழு விசையில் ஓட்டினால், சுழலவும் முடியாமல் சுமையையும் தள்ளமுடியாமல் எஞ்சின் சூடேறிக் கெடும். அலையோ மிகப் பெரிதாக எழுந்து, கரையோரத் தோணிகளைக் கவிழ்க்கும். செலவாகும் எண்ணெய் சறுக்கோட்டத்துக்கானது. கிடைப்பதோ அதன் பாதி வேகம். ஆகவே படகோட்டிகள் கூறுவது: ஒன்று, 7 நாட்டில் அமைதியாகச் செல், அல்லது மேடேறிச் சறுக்கு, நடுவில் நிற்காதே.

இரு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால்? பாதித் திறன் இருப்பதால் பாதி வேகம் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஓர் எஞ்சினால் திமிலைத் தாண்ட முடியாது. படகு மீண்டும் நீரில் அமர்ந்து, 6, 7 நாட்டில் ஊர்ந்துதான் வீடு திரும்பவேண்டும். வேகத்திலிருந்து இறங்கும்போதும் எச்சரிக்கை தேவை. விசையைச் சட்டென்று குறைத்தால், பின்தொடர்ந்து வரும் சொந்த அலையே படகின் பின்புறத்தில் ஏறி நீரைக் கொட்டிவிடும். தாண்டிய பகை, முற்றிலும் ஒழிந்துவிட்ட பகை அன்று.

வேகம் யாருக்காக?

உல்லாசத்துக்காக இத்தனை எண்ணெயை எரிக்கவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 7 நாட்டில் சென்றால் 40 குதிரைத்திறனே போதுமான படகுக்கு, 22 நாட்டில் சறுக்கச் சுமார் 700 குதிரைத்திறன் தேவைப்படுகிறது. மூன்று மடங்கு வேகத்துக்குப் பதினேழு மடங்குக்கு மேல் விசை!

ஆனால் இதே இரட்டை டீசல், இதே கூர்ந்த அடிப்புறம் வேறொரு பணியையும் செய்கின்றன. பிரிட்டனில் 1824 முதல் இயங்கிவரும் உயிர்மீட்புப் படகுச் சங்கத்தின் மோட்டார் படகுகள், நெடுங்காலம் 8 நாட் வேகத்தில்தான் சென்றன. திமிலின் இப்புறத்திலேயே அவை நின்றன. 1960களில் தொடங்கி அச்சங்கம் 15, 18 நாட் படகுகளுக்கு முன்னேறியது. 1990களில் வந்த ‘செவர்ன்’ வகைப் படகு 17 மீட்டர் நீளமும் சுமார் 40 டன் எடையும் கொண்டது. இரு டீசல் எஞ்சின்களால் 25 நாட் வேகத்தில் சறுக்குகிறது.

கரையிலிருந்து 20 கடல்மைல் தொலைவில் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். 8 நாட் படகு அங்கே சென்றடைய இரண்டரை மணி நேரம் ஆகும். 25 நாட் படகுக்கு 48 நிமிடங்கள் போதும். குளிர்ந்த கடலில் ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மிதப்பவனுக்கு, அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் உயிர்.